சிங்கத்தின் முன் நின்ற பஸ்

அவருக்கு வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. நகரத்தில் யாராவது எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் முதலில் கேட்பது அவருடைய குரலைத்தான். "பதறாதீங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க. ஒண்ணும் ஆகாது." இருபது வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி, பயம் என்பது தனக்குக் கிடையவே கிடையாது என்று அவரே நம்பிவிட்டார். மாட்டிக்கொண்டு அழுதவர்களைப் பற்றி வீட்டில் நடித்துக் காட்டுவதில் அவருக்குத் தனி ருசி. அதைக் கேட்டுச் சிரிப்பவர்களில் முதல் ஆள் மாமியார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு நகரத்தை ஒட்டியிருக்கும் வனவிலங்குப் பூங்காவுக்குப் போனார். நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேரவே இரண்டு மணி நேரம். நெடுஞ்சாலையில் லாரிகள் அலறுவது சுற்றுச்சுவருக்கு உள்ளேயும் கேட்டது. சிங்கம் பார்க்க, ஜன்னலுக்குக் கம்பி போட்ட பழைய பஸ் ஒன்று இருந்தது. டிரைவருக்கு நேர் பின்னால் மூவருக்கும் இடம் கிடைத்தது. விடுமுறையிலும் கருவிப்பையை விட்டுப் பிரியாதவர் அவர். அதைக் காலடியில் வைத்துக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தார்.

"அத்தை, சிங்கம் நம்மளப் பார்த்தா நாமளும் கண்ணை எடுக்காம பார்க்கணும். கண்ணை எடுத்தோம், போச்சு."

"நீங்க எங்க மாப்ள பார்த்தீங்க?"

"டிவியில."

வளைவு திரும்பியதும் பத்தடி தூரத்தில் ஒரு சிங்கம் மல்லாந்து படுத்திருந்தது. "அதோ, அதோ!" என்று அவர் துள்ளி எழுந்தார். அந்த நொடியே பஸ் நின்றது. டிரைவர் சாவியைத் திருகினார். இன்ஜின் இருமக்கூட இல்லை. வாக்கிடாக்கியில் பேசிவிட்டுத் திரும்பினார். "ஜீப் வந்து இழுத்துட்டுப் போகும். அரை மணி நேரம் ஆகும். யாரும் எழுந்திருக்காதீங்க."

சிங்கம் ஒரு கண்ணைத் திறந்தது. நம்மவர் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்.

மற்றவர்கள் பயப்படாமல் இருந்ததற்குக் காரணம், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கோ கதவும் கீலும் பிழைப்பு. ஏறும்போதே பார்த்திருந்தார்: பஸ் கதவில் மூன்று கீல் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன, அதில் ஒன்றுக்குத் திருகாணி இல்லை. கைக்கு அகப்பட்டதை இறுகப் பிடித்தார். அகப்பட்டது மாமியாரின் மணிக்கட்டு.

"கத... கதவு பூட்டியிருக்கா?" அந்தக் கீச்சுக்குரல் யாருடையது என்று அவருக்கே ஒரு கணம் புரியவில்லை.

மாமியார் அவர் கையைத் தட்டிக் கொடுத்தார். "பதறாதீங்க, மாப்ள. மூச்சை நல்லா இழுத்து விடுங்க. ஒண்ணும் ஆகாது."

பின்சீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஊருக்குச் சொன்ன உபதேசம் வீட்டுக்கே திரும்பி வந்தது. அவர் மூச்சை இழுத்தார். சிங்கம் கொட்டாவி விட்டது. இழுத்த மூச்சை அவர் விடவில்லை.

"என்னங்க, நீங்க மெக்கானிக்தானே? சும்மா உட்கார்ந்திருக்கீங்க, என்னன்னு பாருங்களேன்" என்றாள் மனைவி. பஸ் முழுக்க அவரையே பார்த்தது.

வேறு வழியில்லாமல் பையை எடுக்கக் குனிந்தார். பை வரவில்லை. அதன் வார், இருக்கைக்கு அடியிலிருந்த ஒரு சிவப்புக் கைப்பிடியில் சுற்றியிருந்தது. பேட்டரி மெயின் சுவிட்ச். சிங்கத்தைக் காட்டுகிற அவசரத்தில் பையைக் காலால் உதைத்துத் தள்ளியிருக்கிறார். வார் இழுத்த இழுப்பில் சுவிட்ச் அணைந்திருக்கிறது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் திருப்புளியை எடுத்து, எந்தக் குறையும் இல்லாத ஒரு திருகாணியை இரண்டு நிமிடம் முறுக்கினார். பிறகு கைப்பிடியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது, டிரைவர் சாவியைத் திருகியதும் இன்ஜின் உறுமியது, பஸ்ஸே கைதட்டியது.

"பெருசா ஒண்ணுமில்ல. லூஸ் கனெக்‌ஷன்" என்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். இதைப் பொய் என்று சொல்ல முடியாது என்று தனக்குத் தானே வாதாடியும் பார்த்தார்.

வாசலில் பூங்கா மேலாளர் காத்திருந்தார். நம்மவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு டிரைவர் பக்கம் திரும்பினார். "வண்டியைக் காலையில செக் பண்ணியா, இல்லையா? சிங்கம் முன்னாடி நிறுத்தியிருக்கே! ஒரு வாரம் வேலைக்கு வராதே."

"செக் பண்ணினேன் சார். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்றார் டிரைவர். அந்தக் குரலில் கெஞ்சல்கூட இல்லை. அதுதான் நம்மவரை உறுத்தியது. லிஃப்ட் நின்றுபோகும்போதெல்லாம் 'பராமரிப்பு சரியில்லை' என்று திட்டு வாங்கி, இதே வார்த்தையை இதே குரலில் எத்தனையோ பேரிடம் சொன்னவர் அவர்.

"அவர் மேல தப்பில்லைங்க. என் பைதான்" என்றார்.

"உங்க பை என்ன பண்ணுச்சு?"

சொன்னார். உதைத்தது, வார், சுவிட்ச், சும்மா முறுக்கிய திருகாணி, ஒன்றுவிடாமல். கைதட்டிய அத்தனை பேரும் சுற்றி நின்று கேட்டார்கள். இந்த முறை கைதட்டல் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. டிரைவரின் சிரிப்பு எல்லாவற்றையும்விடப் பலமாக இருந்தது. சிரிப்பை அடக்கியதில் மேலாளருக்கும் உதடு துடித்தது. "சரி, போய் வண்டியை எடுப்பா" என்றார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மாமியார் மணிக்கட்டை நீட்டினார். "நகம் பதிஞ்சிருக்கு பாருங்க, மாப்ள. சிங்கம்கூட இப்படிப் பிராண்டியிருக்காது."

"வாங்க சார், கரடி பாக்கி இருக்கு. இன்னொரு ரவுண்டு போகலாம்" என்று டிரைவர் கூப்பிட்டார்.

"எனக்குக் கால் வலி. நீங்க போயிட்டு வாங்க."

பெண்கள் இருவரும் ஏறிப் போனார்கள். அவர் ஆமைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு கிழட்டு ஆமை அவரைப் பார்த்தது. பிறகு, நடந்து வர முடிவு செய்தது. நடுவில் இடுப்பளவு வேலி இருந்தது. இருந்தாலும் எதற்கு வம்பு என்று அவர் இரண்டு காலையும் பெஞ்சின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.