மாமா வேண்டாமென்ற விசிறி

ஆலைக் கூரைகளில் மாட்டும் ராட்சத விசிறிகளை வடிவமைப்பதில் என் அக்கா வீட்டுக்காரர் பெரிய கை. வரைபடத்தை விரித்த மாத்திரத்தில் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார். அவர் மண்டைக்குள் இருப்பதையெல்லாம் கறந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் கம்பெனி எனக்குக் கொடுத்த வேலை. பெண்டாட்டியின் தம்பியிடம் மனுஷன் வாய் திறப்பார் என்று மேனேஜர் கணக்குப் போட்டார்.

திறந்தார்தான். ஆனால் அவர் வேண்டாமென்று ஒதுக்கிய ஒவ்வொரு வரைபடத்துக்கும் காரணம் எழுத அந்தக் கம்ப்யூட்டர் சிஸ்டத்தில் ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் சிஸ்டம் அடுத்ததற்கு நகராது. நானும் "ஏன் மாமா, ஏன் மாமா" என்று இரண்டு வருடம் அவர் உயிரை வாங்கினேன்.

சிஸ்டம் வேலைக்கு வந்த பிறகு ஒரு பிஸ்கட் கம்பெனிக்கான வரைபடம் வந்தது. விசிறி ஏறப்போவது பேக்கிங் ஹாலின் கூரையில். அக்கா அங்கேதான் சூப்பர்வைசர்.

பார்த்ததுமே மாமாவின் முகம் சுண்டிப்போனது. "வேணாம் மாப்ளே. இது ஒருநாள் பிச்சுக்கிட்டு விழும்."

சிஸ்டத்திடம் கொடுத்தேன். தண்டின் தடிமன் சரி, பேரிங் சரி, தாங்கும் சட்டம் சரி. 'தயாரிக்கலாம்' என்று பச்சையில் வந்தது. கீழே, ஆதாரம் என்ற இடத்தில், மாமாவின் பெயர்.

"எல்லாம் நீங்க சொன்ன ரூல்தானே மாமா?"

"நீ விடமாட்டேங்கறியேன்னு ஏதோ ஒண்ணு சொல்லி வச்சேன்டா!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்படி எத்தனை?"

"யாருக்குத் தெரியும்? வேணாம்னு மொதல்ல தெரிஞ்சிடும். காரணத்த நீ கேட்டப்புறம்தான் யோசிப்பேன்."

மேனேஜரிடம் ஓடினோம். அவர் நல்ல மனுஷன், அதுதான் கொடுமை. "எந்த ரூல்ல இடிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க சார், இப்பவே நிறுத்திடறேன்" என்றார். மாமா சட்டம் என்றார், இறக்கை என்றார், எடை என்றார். எதைத் தட்டினாலும் பச்சைதான். சொந்த வாய்வார்த்தையிடமே அவர் தோற்றுக்கொண்டிருந்தார்.

கடைசியில் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லேன் மாப்ளே. ரெண்டு வருஷம் என்னைக் குடைஞ்சியே. நான் எதுக்கு இத வேணாங்கறேன்?"

நானும் முட்டி மோதிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. வரைபடம் பட்டறைக்குப் போய்விட்டது.

விசிறி ஓடத் தொடங்கிய அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் இருந்தேன். ஹாலில் இப்போது புழுக்கமே இல்லை என்று அக்கா பூரித்துப்போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா சோற்றில் கை வைக்கவில்லை.

"நாளையிலேர்ந்து நீ அங்க போகாத. அது விழும்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் எப்போதும் அவரைச் சீண்டுகிறவள். "என்னைக்கு விழும்னு சொல்லுங்க, அன்னைக்கு லீவு போட்டுடறேன்."

மாமா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.