மண்ணுளி, நேரலையில்

மதுரையின் இசை வரலாற்றை இனிமேல் இரண்டு பாகமாகத்தான் எழுத முடியும் என்றும், இதுவரை நடந்ததெல்லாம் வெறும் முன்னுரை என்றும், இரண்டாம் பாகம் வருகிற ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்தில் தொடங்குகிறது என்றும் சித்தார்த் தன் கே.கே. நகர் வீட்டு மொட்டைமாடியில் நின்று அறிவித்தபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் ஸ்பீக்கர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

ஆடி மாதத்துக்குப் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. மண்டபம் சல்லிசாகக் கிடைக்கும்.

சித்தார்த்துக்கு முப்பத்தாறு வயது. வீட்டிலிருந்தபடியே ஒரு பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். கிதார் வாசிப்பான். அவன் வாசிப்பது புரோகிரசிவ் ராக். தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், பாட்டு ஆரம்பித்தால் லேசில் முடியாது. நடுவில் இரண்டு மூன்று தடவை முடிந்துவிட்டதுபோல் இருக்கும். அப்போது கைதட்டினால் வாசிப்பவர்கள் முறைப்பார்கள்.

பல வருடமாக அவன் கட்டியெழுப்பிய பாட்டின் பெயர் ‘நிலத்தடியின் ஏழு அடுக்குகள்’. ஒரே பாட்டு, முக்கால் மணி நேரம், தாளம் ஏழரை. ஏழரை என்றாலே நம் ஆட்களுக்குச் சனி ஞாபகம் வரும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னொரு அடுக்கைச் சேர்த்திருப்பான்.

இந்தப் பாட்டை ஒருவர்கூடக் கடைசிவரை கேட்டதில்லை. ஒரு கல்லூரி விழாவில் இரண்டாம் அடுக்கு போய்க்கொண்டிருக்கும்போதே முதல்வர் மேடையேறி நன்றியுரை ஆற்றிவிட்டார். குடியிருப்போர் சங்கத்துப் பொங்கல் விழாவில் மூன்றாம் அடுக்கில் சத்தம் நின்றது. ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்துவிட்டது என்றார்கள். அன்றைக்கு எல்லாம் கரண்ட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மனைவி பவதாரிணி பல் டாக்டர், பிறர் வேதனையைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகியவள். அவளே ஐந்தாம் அடுக்கைத் தாண்டியதில்லை.

“மாப்ள, இதான் கடைசி” என்றான் முபீன். அவனுக்குத் தெற்கு மாசி வீதிப் பக்கம் அலுமினியப் பாத்திரக்கடை. ட்ரம்ஸ் வாசிப்பவன். “ஒருத்தனாச்சும் கடைசி வரைக்கும் உக்காந்து கேக்கணும். இல்லேன்னா திங்கக்கிழம ட்ரம்ஸ வித்துருவேன். நடு ரூம்ல அது கெடக்குறதால எம் பொண்டாட்டி ஜஸீலா ஒரு வருசமா சொவத்தோட ஒட்டி நடந்து போறா. எனக்குச் சோறு போடுறதே அவதான், பாத்துக்க.”

ஏழரைத் தாளத்தைத் தப்பாமல் அடிக்கிற ஆள் வைகைக்கு இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை. முபீன் போனால் பாட்டும் போச்சு. அது சித்தார்த்துக்குத் தெரியும். அன்றிலிருந்து அவனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போதும் நின்றுகொண்டு சாப்பிட்டான்.

குழுவுக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. பரவையில், காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் பாண்டிராஜின் சவுண்ட் சர்வீஸ் குடோனில் கூடினார்கள். பாண்டிராஜ்தான் பேஸ் கிதார். ஸ்பீக்கரெல்லாம் அவருடையவை என்பதால் அவர் வாசிப்பைப் பற்றி யாரும் கருத்துச் சொல்வதில்லை. கீபோர்டு முபீனின் தங்கை ருமானா. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர்.

“மிருகத்தின் பெயர்தான் வைக்கணும்” என்றான் சித்தார்த், பெட்டிகளுக்கு நடுவே நடந்தபடி. “இங்கிலாந்துல ஒட்டகம்னு ஒரு பேண்டு. முள்ளம்பன்றி மரம்னு இன்னொண்ணு. மிருகம்னா ஒரு கனம் இருக்கு.”

“முள்ளு இருந்தாலும் பன்னி பன்னிதான் மாப்ள” என்றான் முபீன். “எங்க அத்தா வீட்டுக்குள்ள சேக்காது.”

புலி என்று ஆரம்பித்தார்கள். அது அரசியல். சிறுத்தை, அதுவும் அரசியல். சிங்கம் ஒரு சாதிச் சங்கத்தின் லெட்டர்பேடில் இருந்தது. யானை கொடியில் இருந்தது. காளையைத் தொட்டால் எந்த ஊர்க் காளை என்று கேட்பார்கள். மயிலும் சேவலும் முருகனுக்குப் போய்விட்டன. எருமை எமனுக்கு. கரடி என்றால் ஏதோ ஒரு நடிகரின் ரசிகர்கள் கேலி என்று சண்டைக்கு வருவார்கள். ஒரு மணி நேரம் தேடியதில், தமிழ்நாட்டில் சொந்தக்காரன் இல்லாத மிருகம் ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தது.

“ஓணான் ஃப்ரீயாத்தான் இருக்கு” என்றாள் ருமானா.

சித்தார்த் சட்டென்று நின்றான். அவன் நின்றாலே ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

“மண்ணுளி” என்றான். “மண்ணுளிப் பாம்பு. நிலத்துக்கு அடியிலயே வாழும். ரெண்டு பக்கமும் தலை மாதிரியே இருக்கும். எங்க ஆரம்பம், எங்க முடிவுன்னு தெரியாது. நம்ம பாட்டு மாதிரி.”

“மண்ணுளியா?” என்றார் பாண்டிராஜ், குச்சியால் காதைக் குடைந்தபடி. “அதுக்கு நல்ல ரேட்டு தம்பி.”

சித்தார்த் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

போஸ்டரை ருமானா செய்தாள். நடுவில் கொழுத்த பழுப்புப் பாம்பு ஒன்றின் படம். மேலே ‘மண்ணுளி, நேரலையில்’. கீழே ‘மதுரை மண்ணில் முதல்முறை. ஞாயிறு மாலை. திருமங்கலம்’ என்று மண்டபத்தின் பெயர், பிறகு சித்தார்த்தின் போன் நம்பர். இசை, கச்சேரி, பேண்டு என்ற சொற்கள் எங்கேயும் வரக்கூடாது என்பது சித்தார்த்தின் உத்தரவு. கலையை விளக்கினால் அது விளம்பரமாகிவிடும் என்றான். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, மூலம் பவுத்திரம் போஸ்டர்களின் மேல் மண்ணுளி ஏறியது.

மறுநாள் காலையிலேயே போன் வந்தது.

“அண்ணே, போஸ்டர் பாத்தேன். மண்ணுளி உங்கள்ட்டயா?”

“நான்தான் மண்ணுளி” என்றான் சித்தார்த்.

எதிர்முனை கொஞ்சம் யோசித்தது. “லைவ்தானேண்ணே? போட்டோவக் காட்டி ஏமாத்துற ஆளுக நெறைய இருக்காய்ங்க.”

“சுத்தமா லைவ். ரெக்கார்டுங்கிற பேச்சுக்கே இடமில்ல.”

“வெயிட்டு எப்படி?”

சித்தார்த்தின் வாழ்க்கையில் அவன் இசையின் கனத்தைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை. அவன் பால்கனிக்கும் சமையலறைக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தான். “ரொம்ப ஹெவிண்ணே. இந்தப் பக்கம் இம்புட்டு ஹெவியா யாருகிட்டயும் கெடையாது.”

“நீளம்?”

“அதப் பாத்துத்தான் எல்லாரும் ஓடுறாங்க.”

“நாங்க ஓடுற ஆளு இல்லண்ணே. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்ல?”

பாட்டு தொடங்குகிற அதே மெட்டில்தான் முடியும். அந்த நுணுக்கத்தைப் பவதாரிணிகூடக் கண்டுபிடித்ததில்லை. கண்டுபிடிக்க அவள் அதுவரை இருந்ததில்லை என்பது வேறு விஷயம். சித்தார்த் நடையை நிறுத்தினான். “உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?”

“எத்தன வருசமா இந்த ஃபீல்டுல இருக்கோம். கருத்தக்கண்ணன்னு கேட்டுப்பாருங்க, சொல்லுவாய்ங்க. ஞாயித்துக்கெழம பார்ட்டியோட வாரேன்.”

அந்த வாரம் முழுவதும் போன் ஓயவில்லை. செக்கானூரணியிலிருந்து, உசிலம்பட்டியிலிருந்து, ஒட்டன்சத்திரத்திலிருந்து. எல்லோரும் கனத்தைக் கேட்டார்கள். ராகம், தாளம் என்று யாரும் வளவளக்கவில்லை. தென் தமிழ்நாடு தன்னை அறியாமலே இத்தனை காலம் புரோகிரசிவ் ராக்குக்காகத் தவித்துக்கொண்டிருந்திருக்கிறது என்ற முடிவுக்குச் சித்தார்த் வந்தான்.

சனிக்கிழமை ஒத்திகையில் அவன் கை வேலையாக இருந்ததால் முபீன் போனை எடுத்தான். கேட்டுக்கொண்டே இருந்தான். “இல்லண்ணே, எலி போடுறதில்லண்ணே” என்று சொல்லிவிட்டு வைத்தான்.

“பாம்பு மாப்ள” என்றான். “பாம்பு வாங்க வாராய்ங்க. அத்தன பேரும்.”

மண்ணுளிப் பாம்பு வீட்டில் இருந்தால் கோடி கொட்டும், கேன்சர் தீரும், வெளிநாட்டுக்காரன் எடைக்கு எடை தருவான் என்று நம்பி, இரிடியம் கலசம் தேடி ஏமாந்த அதே ஆட்கள் அடுத்ததாக அலைந்துகொண்டிருப்பது நாடறிந்த கதை. கே.கே. நகர் மட்டும் அறியவில்லை.

“நான்தான் அன்னிக்கே சொன்னேனே” என்றார் பாண்டிராஜ். “நல்ல ரேட்டுன்னு.”

“எல்லாருக்கும் இப்பவே போன் போட்டு, இது பாட்டுக் கச்சேரின்னு சொல்லிருங்கண்ணே” என்றாள் ருமானா. “அந்தப் பாம்ப வச்சிருந்தாலே ஜெயிலு. நான் கவர்மென்ட் எய்டட் ஸ்கூல்ல வேலை பாக்குறேன்.”

சித்தார்த் குடோனை ஒரு சுற்று சுற்றி வந்தான். இன்னொரு சுற்று. பிறகு ஸ்பீக்கர் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தான். ஒரு வாரத்தில் அவன் உட்கார்ந்தது அப்போதுதான்.

“சொன்னா வருவாங்களா?”

“எதுக்கு வருவாய்ங்க?”

“சொல்லலைன்னா வருவாங்கல்ல?”

“பாம்புக்குத்தான்டா வருவாய்ங்க.”

“உக்காருவாங்கல்ல மாப்ள?” என்றான் சித்தார்த்.

முபீன் ட்ரம் குச்சியால் முழங்காலில் ஏழரையைத் தட்டிக்கொண்டிருந்தான். ருமானா அண்ணனைப் பார்த்தாள், அப்புறம் சித்தார்த்தைப் பார்த்தாள். “எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் நோட்ஸ் பாத்து வாசிக்கிறவ” என்றாள்.

ஞாயிறு மாலை மண்டபம் நிரம்பிவிட்டது. வெள்ளைச் சட்டைகள். மடியில் மஞ்சள் பை. ஒருவர் கொக்கித் தராசு கொண்டுவந்திருந்தார். ஒருவர் மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார், நிபுணராம். முன்வரிசையில் கருத்தக்கண்ணன், பக்கத்தில் அவருடைய கோயம்புத்தூர்ப் பார்ட்டி. பார்ட்டி என்பது ஒரே ஆள்தான், ஆனால் இரண்டு நாற்காலி.

சித்தார்த் மைக்கைப் பிடித்தான். “நீங்க சாதாரண ஆளுங்க இல்ல. வெளிய தெரியாத ஒண்ணைத் தேடி வந்தவங்க.”

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். விவரமான ஆள், வெளிப்படையாகப் பேச மாட்டான் என்று புரிந்துகொண்டார்கள்.

பாட்டு தொடங்கியது. உலகத்தில் எந்தக் குழுவுக்கும் அப்படியொரு சபை வாய்த்திருக்காது. ஒருவர் செல்போனும் அடிக்கவில்லை. ஒருவரும் பக்கத்து ஆளோடு பேசவில்லை. இருமல் வந்தவர் துண்டை வாயில் வைத்து அடக்கினார். நான்காம் அடுக்கில் எல்லாம் நின்று ஒரு மௌனம் வரும்; முபீன் குச்சியைத் தூக்கிப் பிடித்தபோது மண்டபமே நாற்காலி நுனிக்கு வந்தது. ஐந்தாம் அடுக்கில் பாண்டிராஜ் புகை மெஷினைப் போட்டார். புகை தரையோடு தவழ்ந்து வந்தது. முன்வரிசை முழுக்கக் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டது.

ஆறு. ஏழு. ருமானாவுக்கே கடைசிப் பக்கத்து நோட்ஸ் புதிதாக இருந்தது. ஒத்திகையில்கூட இதுவரை அங்கே போனதில்லை. தொடங்கிய மெட்டில் பாட்டு முடிந்தது.

சித்தார்த்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யாரும் கைதட்டவில்லை. கருத்தக்கண்ணன் எழுந்து மேடைக்குப் பக்கத்தில் வந்தார்.

“பிரமாதம்ணே” என்றார், குரலைத் தாழ்த்தி. “இம்புட்டுச் சத்தம் போட்டா எந்தப் பயலுக்கும் சந்தேகம் வராது. இப்ப சாமான எடுங்க.”

“கடைசி வரைக்கும் கேட்டீங்கல்லண்ணே?”

“கேட்டோம்ல.”

“எப்படி இருந்துச்சு?”

கருத்தக்கண்ணன் யோசித்தார். வந்த காரியம் கெடக்கூடாது. “சத்தமா இருந்துச்சு” என்றார்.

“இவ்வளவுதான்ணே. இதுதான் மண்ணுளி. எங்க பேருதான் அது.”

கருத்தக்கண்ணன் திரும்பித் தன் பார்ட்டியின் காதில் சொன்னார். பார்ட்டி முதல்முறையாக வாயைத் திறந்தது. “அப்ப பாம்பு?”

“இவிங்கதானாம்.”

தராசு வைத்திருந்தவர் அதைப் பைக்குள் போட்டார். சண்டை வெடிக்கும் என்று பாண்டிராஜ் ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றார். அதற்குள் மூன்றாம் வரிசையில், கட்டம் போட்ட சட்டை போட்ட ஒருவர் எழுந்து அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினார். “பாரஸ்டு. யாரும் நகராதீங்க.”

எல்லோரும் நகர்ந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்து வழியாக மண்டபம் காலியான வேகம், பந்திக்குக் கூப்பிட்டால்கூட வராத வேகம்.

வனக்காவலர் பேயாண்டி மேடையைச் சோதித்தார். கீபோர்டு பெட்டியைத் திறந்தார். பெரிய ட்ரம்முக்குள் கைவிட்டவர் எதையோ பிடித்துவிட்டு ஒரு கணம் உறைந்தார். வெளியே இழுத்தார். பூப்போட்ட உறை போட்ட தலையணை.

“சத்தம் தெறிக்காம இருக்கச் சொருகுறது சார்” என்றான் முபீன். “வீட்டு ஆளுக்குத் தெரியாது. அவகிட்டச் சொல்லிறாதீங்க.”

பேயாண்டி போனை எடுத்துக் காட்டினார். “ஆரம்பத்துல இருந்து முடியுற வரைக்கும் வீடியோ எடுத்திருக்கேன். எங்க ஆபீசர் பாத்து முடிவு சொல்லுவாரு.”

“முழுசாவா சார்?” என்றான் சித்தார்த்.

“ஒரு செகண்ட் விடல.”

நிகழ்ச்சியை அவர்கள் பதிவு செய்திருக்கவில்லை. ரெக்கார்டு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று சொன்னவன் அவன்தான். “ஆபீசர் முழுசாக் கேப்பாரா சார்?”

“கேக்கணும்ல. எவிடென்ஸு.”

சித்தார்த் முபீனைப் பார்த்தான். முபீன் தலையணையைத் தட்டி மண்ணை உதறினான். “சரி மாப்ள. பாம்புக்காக உக்காந்தது கணக்குல சேராது. அவரு கேட்டுட்டு என்ன சொல்றாருன்னு பாத்துட்டு விக்கிறேன்” என்றான்.

திங்கள் முழுக்க சித்தார்த் வீட்டுக்குள்ளேயே நடந்தான். செவ்வாய்க்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையுடன் வனத்துறை அலுவலகத்துக்குப் போனான். அழைக்காமல் வந்து நிற்கும் குற்றவாளியை அங்கே யாரும் பார்த்ததில்லை, உட்காரச் சொன்னார்கள். அவன் உட்காரவில்லை. அதிகாரி தலைநிமிராமல், பாம்பு இல்லாததால் வழக்கும் இல்லை, போகலாம் என்றார்.

“வீடியோ கேட்டீங்களா சார்?”

“எந்த வீடியோ?”

பேயாண்டியின் அக்கா மகளுக்கு முந்தின நாள் காதுகுத்து. போனில் இடம் பத்தவில்லை என்று அவர் அதை அழித்திருந்தார்.