கொக்கணேரியின் கழித்தல்

"ஏரி வந்து படிக்கட்டும், வேண்டாங்கலை. ஆனா நடு ஹால்ல உக்காந்து படிச்சிட்டுப் போனா மாப்பு போடறது யாரு? உன் காலேஜா வந்து போடும்?"

ஹில்டா இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். மகள் பிரின்ஸி சோபாவின் காலுக்குச் செங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். பி.ஏ. கடைசி வருடம். பி.எட். சேர வேண்டுமென்றால், தொண்டுப் பணியாக ஒருவருக்காவது பாடம் சொல்லிக்கொடுத்து ஐந்தாம் வகுப்பில் தேற வைத்திருக்க வேண்டும். கூடப் படிப்பவளுக்கு மணிக்கூண்டு வாய்த்தது. பன்னிரண்டு வரை எண்ண அதற்குப் பிறவியிலேயே தெரியும். பிரின்ஸிக்கு வாய்த்தது கொக்கணேரி.

ஏரி தினமும் ஐந்து மணிக்கு வந்துவிடும். அடக்கமான பிள்ளை. நிரம்பினால் மிச்சத்தை அடுத்த ஏரிக்கு அனுப்பியே பழகியதால், கூட்டலில் ஒன்றைத் தூக்கிப் பக்கத்தில் போடுவது அதற்குத் தண்ணீர் பட்ட பாடு. கழித்தல்தான் மண்டையில் ஏறவில்லை. நாற்பத்திரண்டில் பதினேழு போக எவ்வளவு என்றால், அந்த இரண்டையே பார்த்தபடி கிடக்கும்.

தேர்வுக்கு முந்தின நாளும் அப்படியே கிடந்தது. பிரின்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"விடும்மா. டீச்சர் ஆகணும்னு என் தலையில எழுதலை."

பொறுமை என்ற சரக்கு ஹில்டாவிடம் கான்வென்ட் நாளிலேயே தீர்ந்துபோயிருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழம் வரை ஏரிக்குள் இறங்கி நின்றாள்.

"ரெண்டுல ஏழு போகாது. பக்கத்துல நாலு குத்துக்கல்லாட்டம் நிக்குதே, அதுகிட்ட ஒண்ணு கேட்டா என்ன?"

"பெரியவங்ககிட்ட எப்படி ஆன்ட்டி கேக்கறது?" என்றது ஏரி. "அவங்களா விட்டா வாங்கிப்பேன்."

"வாயைத் திறந்து கேளுடி. போன வாரம் எதிர் வீட்டுல நான் புளி கேக்கலை? என் கிரீடம் இறங்கிடுச்சா?"

ஏரி யோசித்தது. ஓரமாக ஒரு அலை எழுந்து அடங்கியது. பிறகு கேட்டது. நாலு தந்தது. விடை இருபத்தைந்து.

கொக்கணேரி தொண்ணூற்றொரு மதிப்பெண் வாங்கித் தேறியது. பிரின்ஸிக்கு பி.எட். சீட் கிடைத்தது. ஏரி வீடு வீடாகப் போய் லட்டு கொடுத்ததில் தெரு முழுக்கக் கணுக்கால் தண்ணீர். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. "என் பொண்ணோட ஸ்டூடண்ட்" என்று ஹில்டா எதிர் வீட்டுக்காரி காதில் விழும்படி நாலு தரம் சொன்னாள்.

மறுநாள் காலை கேட்டைத் திறந்தால், ஆங்கிலத்தில் இரண்டு தடவை கோட்டைவிட்ட மலை பையை மாட்டிக்கொண்டு நிற்கிறது.

"இங்கிலீஷ் நான் எடுத்துக்கறேன்," என்றாள் ஹில்டா. வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்: "யாராவது வந்து இதைச் செருப்பை வெளியிலேயே கழட்டிப் போட்டுட்டு வரச் சொல்லுங்களேன்!"