மயுரீயை நினைப்பது யார்?

தவத் வீட்டுக்கு வந்து இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் அவன் மனைவி மயுரீ முப்பத்தொரு முறை தும்மிவிட்டாள். எண்ணியது அவன் அம்மா லம்துவன்.

ஒருவர் தும்மினால் எங்கேயோ யாரோ அவரை நினைக்கிறார்கள். மழை மேலிருந்து கீழே விழும் என்பதைப் போல, தாய்லாந்தின் லம்பாங்கில் இதைப் பற்றியும் யாரும் வாதாடுவதில்லை. தவத் லாரி ஓட்டுபவன். பீங்கான் கிண்ணங்களை ஏற்றிக்கொண்டு தெற்கே ஹட் யாய் வரை போவான். போனால் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அந்த நாட்களில் மயுரீ தும்மும்போதெல்லாம் லம்துவனுக்குப் பெருமை தாங்காது. உடனே மகனுக்குப் போன் போடுவாள்.

"டேய், மறுபடியும் தும்மிட்டாடா. நெனச்சது போதும், ரோட்டப் பாத்து ஓட்டு. பின்னாடி இருக்கறது பூராவும் பீங்கான்."

"சரிம்மா" என்பான் தவத். 

உண்மையான காரணம் வாசலில் கால் பரப்பிப் படுத்திருந்தது. அதன் பெயர் கனோம். பலகாரம் என்று அர்த்தம். நிறமும் வறுத்த மாவின் நிறம்தான். சந்தையில் மீன் பெட்டிக்கு அடியில் கிடந்த நாய்க்குட்டியை மயுரீதான் தூக்கிக்கொண்டு வந்தாள். கல்யாணமாகி வந்த வீட்டில், அறைக்கு அறை அவள் பின்னாலேயே நடந்த முதல் உயிர் அது.

ஒரே மாதத்தில் மூக்கு ஒழுகத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில், எது உடம்புக்கு ஆகவில்லை என்று கண்டுபிடிக்க, முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்துக் குத்திப் பார்த்தார்கள். தூசிக்கு ஒன்றுமில்லை. கரப்பான் பூச்சிக்கும் ஒன்றுமில்லை. நாய்க்கு வைத்த இடம் மட்டும் பணியாரம் போல உப்பிக்கொண்டு வந்தது.

"வீட்டுல நாய் இருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லீங்க."

டாக்டர் அவள் பாவாடையைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த மஞ்சள் முடியைப் பார்த்தார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் அவள் சொல்லவில்லை. அதற்குக் காரணம் பூனை. மயுரீ அந்த வீட்டுக்கு வந்த புதிதில் லம்துவன் ஒரு பூனை வளர்த்தாள். ஒருநாள் காலையில் லம்துவனின் கழுத்தில் அரித்தது. மத்தியானத்துக்குள் பூனை புத்தர் கோவிலுக்குப் போய்விட்டது. வேண்டாத பிராணிகளை ஊரார் அங்கேதான் கொண்டுபோய் விடுவார்கள். "அங்க சோத்துக்கா பஞ்சம்?" என்று கேட்டுவிட்டு அவள் தூங்கப் போனாள். பஞ்சமில்லைதான். பிக்குகள் சாப்பிட்டு மிஞ்சியதைத் தின்றே அங்கே நாற்பது நாய்கள் கொழுத்துத் திரிந்தன. புதிதாக வரும் நாயை அவை என்ன செய்யும் என்று மயுரீக்குத் தெரியும். கனோம் சேவலைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போகும் நாய்.

அதனால் இரண்டு வேளையும் தரையைத் துடைத்தாள். வாரம் தவறாமல் நாயைக் குளிப்பாட்டினாள். "என் மருமக கை படாத மூலை இந்த வீட்டுல கெடையாது" என்று லம்துவன் தெருவெல்லாம் சொன்னாள். தவத் லாரியைக் கிளப்பும்போது மயுரீ நாயைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பாள். கண் சிவந்து நீர் கொட்டும். லம்துவன் தன் தோள் துண்டால் அதைத் துடைத்துவிடுவாள். அவன் வீட்டில் தங்கும் ஓரிரு நாட்களில் மட்டும் மாத்திரை போட்டுத் தும்மலை அடக்கினாள். எட்டு மாதம் இப்படி நன்றாகவே போனது.

இந்த முறை லாரி எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். மூன்று வாரம் தவத் வீட்டில்தான். மயுரீயின் மாத்திரையும் தீர்ந்திருந்தது. கடைக்குப் போகிறேன் என்றால், "இரு, நானும் வரேன்" என்று அவன் செருப்பை மாட்டினான்.

சாப்பாட்டுப் பாயில் அவள் முப்பத்தொன்றாவது முறை தும்மியபோது, லம்துவன் ஒட்டும் அரிசிச் சோற்றை உருட்டிய கையை நிறுத்தினாள்.

"இவன் எதிர்லயே உக்காந்து மீன் திங்கறான். அப்புறம் நெனைக்கறது யாரு?"

"எதிர்ல இருந்தா நெனைக்கக் கூடாதாம்மா?" என்றாள் மயுரீ மெதுவாக.

லம்துவன் மகனைப் பார்த்தாள். "நீ இப்ப என்னடா நெனச்ச?"

"முள்ளு இருக்கான்னு பாத்திட்டிருந்தேன்." தவத் மீனைக் கீழே வைத்தான்.  "அம்மா, ஒண்ணு சொல்றேன், திட்டாத. ரோட்டுல இருக்கும்போதும் நான் அவ்வளவெல்லாம் நெனைக்கல."

"என்னது?"

"நீ போன் போடும்போதெல்லாம் நான் டயரப் பத்தி நெனச்சிட்டிருப்பேன். இல்லன்னா டீசலப் பத்தி. எட்டு மாசமா மண்டையப் போட்டு ஒடைச்சுக்கறேன். நான் இல்லன்னா அப்ப யாரு?"

லம்துவனுக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. "பைரோட்!"

பைரோட் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஏசி ரிப்பேர் கடை வைத்திருப்பவன். தவத்துக்கு முன்னால் மயுரீயைப் பெண் கேட்டு வந்தவன். வந்த அன்று அவள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவ்வளவுதான் இருவருக்கும் பழக்கம். இப்போது அவனுக்கும் கல்யாணமாகிவிட்டது.

"அவரா இருக்காது" என்றாள் மயுரீ.

"அப்ப வேற யாருன்னு உனக்குத் தெரியும்" என்றாள் லம்துவன்.

தெரியும்தான். வாசலில் அது வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. மயுரீ தலையைக் குனிந்துகொண்டாள். தவத் அன்று கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்தான்.

காலையில் அவனைக் காணவில்லை. சற்று நேரத்தில் லம்துவனின் போன் அடித்தது. அவள் அதைத் தெருவுக்கே கேட்கும்படி சத்தமாக வைத்தாள்.

"அம்மா, நான் பைரோட் கடையில இருக்கேன். நெனைக்கவே இல்லங்கறான். சோதிச்சுப் பாத்துரலாம். இப்ப கொஞ்ச நேரம் இவன் கம்ப்ரசரப் பத்தி மட்டும் நெனைக்கப் போறான். நீ அவ மூக்கப் பாத்துட்டே இரு."

லம்துவன் முக்காலியை இழுத்துப் போட்டு மயுரீக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். மயுரீ மூச்சை அடக்கினாள். இப்போது தும்மாமல் இருந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். அப்போதுதான் கனோம் எழுந்து வந்து உடம்பை ஒருமுறை உதறியது. பிறகு மோவாயை அவள் முழங்கால்மேல் வைத்தது.

"தும்மிட்டா!" என்று கத்தினாள் லம்துவன்.

"டேய்!" என்றது போன்.

"அண்ணே, சத்தியமா கம்ப்ரசரத்தான் நெனச்சேன்!"

"கம்ப்ரசர நெனச்சா என் பொண்டாட்டி எதுக்குடா தும்மறா?"

"நடுவுல ஒரே ஒரு தடவ வந்துச்சுண்ணே. நெனைக்காத நெனைக்காதன்னு நீங்கதானே சொல்லிட்டே இருந்தீங்க!"

"யாருங்க அந்தப் பொண்ணு?" என்று கடைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. ஏதோ தகரம் விழுந்தது. போன் நின்றது.

அரை மணியில் எல்லோரும் வந்துவிட்டார்கள். தவத் வந்தான். கையில் திருப்புளியோடு பைரோட் வந்தான். அவனுடைய மனைவி வன்னா ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து மயுரீயை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதானா அது?"

மயுரீ நான்கு பேர் முன்னால் பேசிப் பழகாதவள். கைகூப்பி வணங்கினாள்.

"வன்னா, நம்பு. நான் தண்ணி வாங்கிக் குடிச்சேன், அவ்வளவுதான்" என்றான் பைரோட்.

"தண்ணி குடிச்சதுக்கே இவ நாள் பூரா தும்மறாளா? உங்களுக்கு மூணு வேளையும் சமைச்சுப் போடறேனே, கல்யாணம் ஆன நாள்லருந்து நான் ஒரு தடவ தும்மியிருக்கேனா? ஒரே ஒரு தும்மல்! ஜலதோஷம் புடிச்சாக்கூட எனக்கு இருமல்தான் வருது!"

 வன்னா படியில் உட்கார்ந்தாள். ஹெல்மெட்டுக்குள் அழுதால் துடைத்துக்கொள்ள முடியாது. கண்ணாடியில் ஆவி படர்ந்தது.

தவத் சுவரோரம் நின்றிருந்தான். "மயுரீ, நான் சண்ட போட மாட்டேன்" என்றான். "யாருன்னு மட்டும் சொல்லிரு. நான் தெக்க போனா, திரும்பி வராம அங்கயே இருந்துக்கறேன்."

மயுரீ அவனைப் பார்த்தாள். அந்தக் கண்ணாடி ஆவியையும் பார்த்தாள். பிறகு கனோமைத் தூக்கி மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் இறுகக் கட்டிக்கொண்டாள்.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி அம்மா ஒரு சத்தியம் பண்ணணும்."

"நானா?" என்றாள் லம்துவன்.

"புத்தர் மாடத்தப் பாத்து. இந்த நாயக் கோவிலுக்கு அனுப்ப மாட்டேன்னு."

"குடும்பமே பத்திக்கிட்டு எரியுது, இவளுக்கு நாய் கேக்குதா?"

"பண்ணுங்கம்மா. எல்லார் முன்னாடியும்."

லம்துவன் மாடத்தைப் பார்த்துக் கைகளைக் குவித்தாள். அவசரத்தில் இரண்டு முறை சொன்னாள். "அனுப்பல, அனுப்பல. சாகற வரைக்கும் இங்கயே கெடக்கட்டும். போதுமா? நீங்க எல்லாரும் சாட்சி. இப்பச் சொல்லுடி, யாரு அவன்?"

மயுரீ வரிசையாக நான்கு முறை தும்மினாள். மூக்கை நாயின் முதுகிலேயே துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எனக்கு நாய் ஆகாதும்மா."