துறைக்கு வராத படகு

படகு இன்னும் துறைக்கு வரவில்லை, மழை கொட்டுகிறது, கறுப்புக் குடையோடு ஒருத்தி கல்படியில் நின்று ஆற்றையே பார்க்கிறாள், அந்தப் படகில் வருவதாக அவள் புருஷன் சொல்லி அனுப்பியிருக்கிறான், இந்த இடம் வந்ததும் தாணுமாலயனுக்கு விழிப்பு வந்துவிடும், கனவானாலும் சரி, பேருந்தில் கண் அயர்ந்தாலும் சரி, முப்பது வருடத்துக்கு மேலாக அவள் அப்படியே நிற்கிறாள், மதுரையில் ஒரு காலைக் காட்சியில் இந்த இடத்தில்தான் படத்தை வெட்டியிருந்தார்கள். இன்று அதே படம் பழுது நீக்கப்பட்டு வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடுகிறது, மனைவி மங்கை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள், அவள் அண்ணன் சொக்கலிங்கம் சாய்வு நாற்காலியில், சத்தத்தைக் கூட்டுங்க மாப்ள என்கிறார், மலையாளத்தில் ஒரு வார்த்தை புரியாது அவருக்கு, சத்தம் மட்டும் வேண்டும்.

மதுரைக்குப் பெண் பார்க்கப் போன அன்று இவர்தான் வாசலில் நின்று வரவேற்றார், பொழுதுபோக்கு என்ன தம்பி என்று மங்கையின் அப்பா கேட்கிறார், மலையாளப் படம் பார்ப்பேன் என்று தாணு பெருமையாகவே சொல்கிறான், அப்பாவின் காபி டம்ளர் பாதி வழியில் நிற்கிறது, யாரோ ஓர் அத்தை கேசரித் தட்டை மெதுவாக உள்ளே இழுக்கிறாள், பக்கத்தில் இருந்த தாணுவின் அம்மா விஷயம் தெரியாமல், ஆமா, ஒண்ணையும் விடமாட்டான், என்னையும் கூட்டிட்டுப் போவான் என்று சிரிக்கிறாள், கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றுபோனது. சம்பந்தம் சரிப்படாது என்று மறுநாளே தரகர் வந்து சொன்னார், நாகர்கோவில்காரனுக்குக் காரணம் விளங்கவே சில நாள் ஆயிற்று. அவன் திருவனந்தபுரத்தில் படித்தவன், அங்கே திரைப்படச் சங்கத்தின் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்த படங்கள் வேறு, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வடக்கே வந்து சேர்ந்த படங்கள் வேறு. ஒரு காலத்தில் மலையாளப் படங்களே கோடம்பாக்கத்துத் தளங்களில்தான் தயாராயின, ஆறும் தென்னையும் திரைச்சீலையில் வரைந்தவை, பிறகு கேமரா எடை குறைந்தது, மங்கிய வெளிச்சத்திலும் பதிவாகிற ஃபிலிம் வந்தது, நிஜ ஆற்றங்கரைக்கே போய் நிஜ மழைக்குக் காத்திருந்து எடுத்தார்கள், பேச்சு குறைந்தது, முகம் பேசியது, இதையெல்லாம் விளக்க ஆரம்பித்தால் தாணுவுக்குச் சோறு தண்ணி வேண்டாம், ஆனால் மதுரை விநியோகஸ்தருக்கு அதில் என்ன லாபம், மலிவாக எடுத்த கவர்ச்சிப் படங்கள்தான் காலைக் காட்சிக்கு ஓடின, அவற்றைத்தான் வாங்கினார்கள், மதுரையில் மலையாளப் படம் என்றாலே அது ஒன்றுதான் அர்த்தம்.

தாணு தனியாகப் பஸ் ஏறி சொக்கலிங்கத்தின் பாத்திரக்கடைக்குப் போய் நின்றான், அண்ணாச்சி, ஒரு படம் எங்கூட வந்து பாருங்க, பொறவு வேண்டாம்னு சொல்லுங்க, அன்றைக்கென்று அவன் மதிக்கிற இயக்குநரின் புதுப் படம் ஒன்று ஊரில் ஓடியது, அவனே இன்னும் பார்க்காதது, ஆனால் அவர் எடுத்ததென்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். சுவரொட்டியில் படத்தின் பெயரையே மாற்றி, படத்தில் இல்லாத ஒருத்தியை நனைந்த புடவையில் ஒட்டியிருந்தார்கள், அப்போதாவது திரும்பியிருக்கலாம், வாசலில் டிக்கெட் கிழிப்பவர் சொக்கலிங்கத்தைப் பார்த்து முகம் மலர்ந்து, வாங்கண்ணே, ஒங்க ஓர சீட்டு காலியாத்தான் இருக்கு என்றார், சொக்கலிங்கம் தன் சட்டைப் பொத்தானை ஆராய ஆரம்பித்தார், தாணு காதில் விழாத மாதிரி உள்ளே நடந்தான். கூட்டம் பொறுமையில்லாமல் விசிலடித்தது, எப்பய்யா போடுவ என்று ஆபரேட்டரைக் கேட்டது, எதைக் கேட்கிறார்கள், அதை எப்படிப் போடுவார்கள் என்பது தாணுவுக்கு அப்புறம்தான் தெரியும், எங்கிருந்தோ வந்த ஆபாசத் துண்டு ஃபிலிமைப் படத்துக்கு இடையே ஒட்டுவார்கள், அதைப் பிட்டு என்பார்கள், அடுத்த காட்சிக்கு நேரம் தவறக் கூடாதே, அதனால் ஒட்டிய நீளத்துக்குப் படத்திலிருந்து வெட்டி எடுத்துவிடுவார்கள், எதை வெட்டுவது என்பதில் ஆபரேட்டருக்குக் குழப்பமே இல்லை, யாரும் பேசாத இடத்தை வெட்டுவார். குடைக்காரி ஆற்றைப் பார்க்கிறாள், தூரத்தில் படகு புள்ளியாகத் தெரிகிறது, சடக்கென்று பச்சை ஆறு மறைந்து, நிறம் வெளுத்துச் சிவந்துபோன ஒரு குளியலறை, வேறு யாரோ ஒருத்தி. தாணு எழுந்துவிட்டான், இது இந்தப் படமே இல்ல, நிறுத்துங்க என்று கத்தினான், பின்வரிசையிலிருந்து பதில் வந்தது, அதுக்குத்தானய்யா வந்திருக்கோம், உக்காரு, மறைக்குது. பிட்டு முடிந்து படம் திரும்பியபோது வெறும் ஆறும், ஏறி மறையும் பெயர்களும்தான் மிச்சம்.

எல்லாம் போயிற்று என்று தாணு டீக்கடையில் தலைகுனிந்து நின்றான், மங்கையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, வளையல் சத்தம்தான் நினைவிருந்தது, சொக்கலிங்கம் டீயை ஆற்றினார், குடித்தார், இன்னொரு டீ சொன்னார், பிறகு மெதுவாகக் கேட்டார், ஏன் மாப்ள, அந்தாளு படகுல வந்தானா இல்லியா. எத்தனையோ தடவை வந்த கொட்டகையில் முதல் தடவையாக மனிதர் படத்தைப் பார்த்திருக்கிறார். தெரியலயே அண்ணாச்சி என்று சொன்ன பிறகுதான் அவர் மாப்ள என்றது தாணுவுக்கு உறைத்தது. நல்ல குடும்பப் படம்ப்பா என்று வீட்டில் அவர் சாட்சி சொன்னாராம், தை மாதம் கல்யாணம், அன்றிலிருந்து காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதுவானாலும் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், தெரிஞ்சுச்சா மாப்ள என்பார், எங்கே தெரிவது, கேசட் வரவில்லை, நெகடிவ் பூஞ்சை பிடித்துவிட்டது என்றார்கள், நடுவில் பெரிய நடிகர்களின் படங்கள் வெறும் மீசையும் வசனமுமாக மாறின, கொச்சியில் பையன்கள் சின்ன டிஜிட்டல் கேமராவோடு தெருவில் இறங்கிய பிறகு மறுபடி உயிர் வந்தது, இப்போது மங்கையின் கோயில் தோழிகளே, புதுசா மலையாளப் படம் என்னடி வந்திருக்கு என்று ஃபோன் பண்ணிக் கேட்கிறார்கள், கேசரித் தட்டை உள்ளே இழுத்த அத்தையின் மகளும் கேட்கிறாள்.

வந்துருச்சு மாப்ள, புள்ளி வந்துருச்சு என்று சொக்கலிங்கம் நிமிர்கிறார், இங்கேதான் சிவப்புக் குளியலறை வரும் என்று தாணுவின் உடம்பு தானாக இறுகுகிறது, வரவில்லை, படகு பெரிதாகிறது, கல்படியில் முட்டி நிற்கிறது, ஒரு கிழவி இறங்குகிறாள், ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவன், சாக்குமூட்டை, அவ்வளவுதான், அவள் புருஷன் வரவில்லை, காலியான படகைக் குடைக்காரி பார்த்துக்கொண்டே இருக்கிறாள், யாரும் பேசவில்லை, படகுக்காரன் துடுப்பை ஊன்றித் திருப்பப் போகிறான், அப்போது அவள் குடையை மடக்குகிறாள், நனைந்தபடி ஒரு காலை எடுத்துப் படகுக்குள் வைக்கிறாள். என்ன மாப்ள, இவ ஏறிப் போறா என்கிறார் சொக்கலிங்கம். கீரையிலிருந்து தலையைத் தூக்காமல் மங்கை சொல்கிறாள், ஏறாம என்ன, நீங்க ரெண்டு பேரும் படம் பாத்துட்டு வந்து முடிவு சொல்றவரைக்கும் ஒருத்தி கதவுக்குப் பின்னாடியே நிப்பான்னு நெனச்சீங்களா. படகு துறையை விட்டு விலகுகிறது, மழை பெய்துகொண்டிருக்கிறது, கல்படியில் யாரும் இல்லை.