மெஷின் கேட்ட பொட்டு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. மலையைப் பார்த்து நின்று கற்பூரத்தை உள்ளங்கையில் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. நான்கு எலுமிச்சம்பழம் என்று வருகிற இடத்தில் நான்குதான். ஐந்தாவது ஒன்று இருந்தது. அழுகல் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய வீடு. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. கட்டிலின் மேல் ஒரு லேப்டாப் திறந்து கிடந்தது. அதன் எதிரே அப்பாசாமி கையில் குங்குமக் கிண்ணத்தோடு கடிகாரத்தை முறைத்துக்கொண்டு நின்றார். ராகு காலம் முடிய வேண்டும்.

"இன்னும் இன்னாடா பார்த்துக்கினு நிக்கற?" என்றாள் அவருடைய அம்மா காசியம்மாள்.

"ஒரு நிமிசம் கீதும்மா. அவசரப்பட்டா மூணு வருசப் படிப்பும் பாழாப் பூடும்."

படிக்கப் போவது அப்பாசாமி அல்ல. அவருடைய தம்பி மாறனின் மனைவி எல்லம்மாள். மாறன் தவறிப்போய் நான்கு வருடம் ஆகிறது. எல்லம்மாள் டவுனில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலை பார்த்தாள். கீழே கவுண்டரில் உட்கார டிகிரி வேண்டும் என்று மேனேஜர் சொன்ன மறுநாளே, பிளஸ் டூ சர்டிபிகேட்டைத் தூசி தட்டி எடுத்து, ஆன்லைனில் பி.காம். சேர்ந்துவிட்டாள். அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் மெஷின் முன்னால் உட்கார்ந்து முகத்தைக் காட்டி, நான்தான் அது என்று நிரூபிக்க வேண்டும். தவறினால் சீட் போய்விடும்.

அப்பாசாமி இதை ஆதரித்ததற்குக் காரணம் இருந்தது. அவருடைய மகன் ஆதவனுக்கு வேங்கிக்காலில் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா புகழேந்தி அரசாங்க ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். படிப்பு என்றால் உயிர். அவரிடம் அப்பாசாமி, "எங்க வீட்ல எல்லாரும் படிச்சவங்கதாங்க. என் தம்பி சம்சாரம்கூட டிகிரி படிக்கறாங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அதைச் சொன்னபோது எல்லம்மாள் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை.

மணி ஒன்பது. பக்கத்து வீட்டுச் சுமங்கலி ஒருத்தியைக் கூப்பிட்டு முதல் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அவள் அழுத்திவிட்டு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போனாள். அப்பாசாமிக்குத் தெரிந்தது வண்டிப் பூஜைதான். ஆகவே லேப்டாப்பின் நான்கு மூலைக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். அது படகு மாதிரி ஆடியது. சந்தனம் தெளித்தார். மூடிக்கு ஒரு பொட்டு, பட்டன்களுக்கு வரிசைக்கு ஒரு பொட்டு. திரையின் மேல் விளிம்பில் நட்ட நடுவே ஒரு குட்டிக் கண் இருப்பதைப் பார்த்தார். நெற்றிக்கண் போலத் தோன்றியது. அதற்குக் கட்டைவிரலால் அழுத்திப் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். கற்பூரம் காட்டினார்.

அதுவரை படிக்கப் போகிறவள் சமையல்கட்டில் நின்றாள். கற்பூரம் அணைகிற வரைக்கும் அவள் எதிரே வரக்கூடாது என்பது ஏற்பாடு. மெஷினுக்கு மங்களகரமாக எட்டுப் பொட்டு. அவளுக்கு ஒன்றும் இல்லை.

"இப்ப வாம்மா எல்லம்மா. மெதுவா உக்காரு, எலுமிச்சம்பழம் உருளும்."

எல்லம்மாள் உட்கார்ந்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. நின்றது. சிவப்பு எழுத்து வந்தது. முகம் பொருந்தவில்லை.

"இன்னாது?" என்றார் அப்பாசாமி.

"முகம் பொருந்தலையாம் மாமா."

அப்பாசாமி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். காசியம்மாள் பின்னாலேயே போனாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கும் மெஹ்ஜபீன்தான் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவள். போன் ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது.

"முகம் மேட்ச் ஆகலையா? ஏன்ணா? அக்கா குடுத்த போட்டோவைத்தான் போட்டேன். பழைய போட்டோ. பெரிய பொட்டு, தலை நிறையப் பூ. அழகா இருக்கும்ணா."

அப்பாசாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவருக்கு எப்போதும் சட்டென்று விளங்கிவிடும்.

"அதாம்மா! போட்டோல பொட்டு கீது. இப்ப நெத்தி வெறும் நெத்தி. மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கும்? அது இன்னா, சாவுக்கு வந்துட்டுப் போன சொந்தக்காரனா?"

"அப்படி இருக்காதுண்ணா. கேமராவை ஒருக்கா..."

"இருக்கும்மா. உனக்குத் தெரியாது."

"சரிண்ணா. திரும்பத் திரும்ப டிரை பண்ணச் சொல்லுங்க. ஒத்துக்கிச்சுன்னா அந்த நொடியே அதுவா ஒரு போட்டோ எடுத்துக்கும். அதான் ஐடி கார்டுல வரும்" என்று மெஹ்ஜபீன் வைத்துவிட்டாள்.

எல்லம்மாள் நிலைப்படியில் வந்து நின்றாள். முகம் மலர்ந்திருந்தது. "மாமா, அது..." என்று ஆரம்பித்தாள்.

அப்பாசாமி கையைக் காட்டி நிறுத்தினார். "நீ பேசாத. பெரியவங்க பேசிக்கினு இருக்கோம் இல்ல?"

எல்லம்மாள் வாயை மூடிக்கொண்டாள். காசியம்மாள் மட்டும் மருமகளின் முந்தானையைப் பார்த்தாள். நுனியில் விரல் அகலத்துக்குச் சிவப்பாக ஏதோ ஈஷியிருந்தது. கிழவி மகன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெரியவர்கள் இரண்டு மணி நேரம் பேசினார்கள். பெரியவர்கள் என்றால் அப்பாசாமி. இந்தத் தெருவில் தாலி அறுத்தவள் பொட்டு வைத்ததாக வரலாறு இல்லை. வைத்தால் நாளை சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள்? வைக்காவிட்டால் சீட் போகும். டிகிரி படிக்கிறாள் என்று சொன்னது பொய்யாகும். அப்போதும் சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள்? பேனாவால் பொட்டு வரையலாமா என்று யோசித்தார். கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் சேதாரம் கம்மியா என்று யோசித்தார். பழைய போட்டோவை அட்டையில் ஒட்டி மெஷினுக்குக் காட்டலாம் என்றார். மணி பதினொன்றேகால் ஆயிற்று.

"அது கேக்குதுன்னா குடுத்துட வேண்டியதுதான்" என்றாள் காசியம்மாள்.

"நீயாம்மா சொல்ற? நீயே முப்பத்தோரு வருசமா..."

"என்னிய எந்த மெஷினும் கேக்கல. கேட்டிருந்தா நானும் வெச்சிருப்பேன்." கிழவி மகனின் நெற்றியைப் பார்த்தாள். விபூதிப் பட்டையும் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. "உம் பொண்டாட்டி செத்து ஆறு வருசம் ஆவுது. எவனாவது வந்து உன் நெத்தியில கைய வெச்சானா?"

"அய்ய, ஆம்பளைக்கு இன்னாம்மா..." என்று தொடங்கிய அப்பாசாமி, கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "மெஷினுக்கு மட்டுந்தான். வேலை முடிஞ்சதும் அழிச்சிடணும்."

எல்லம்மாள் கண்ணாடியிடம் போனாள். நான்கு வருடமாக அந்தக் கண்ணாடியில் தலை சீவ மட்டும்தான் பார்த்தாள். பொட்டு வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. லேப்டாப்பை மடியில் வைத்து, திருப்பி அப்பாசாமிக்குக் காட்டினாள். பச்சை டிக். பக்கத்தில், சரிபார்க்கப்பட்டது.

"பார்த்தியா?" என்றார் அப்பாசாமி. "நான் சொல்லல?"

மாலையில் அவர் கடையிலிருந்து வந்தபோதும் பொட்டு இருந்தது. அவருடைய கடை கிரிவலப் பாதையில். கற்பூரம், விபூதி, குங்குமப் பொட்டலம் விற்பார்.

"ஏம்மா, அழிக்கலையா?"

"ஏழு மணிக்குக் கிளாஸ் மாமா."

"நாளைக்கு?"

"டெய்லியும் இருக்கு மாமா. ஞாயித்துக்கிழமை டவுட் கேக்கறது."

"மூணு வருசமுமா?"

"அரியர் வெச்சா ஜாஸ்தி ஆவும்."

அரியர் மட்டும் வைக்காதே என்று கேட்டுக்கொண்டு அப்பாசாமி சாப்பிடப் போனார்.

தெரு சும்மா இருக்குமா? மறுநாள் காலையே கேட்டார்கள். அப்பாசாமி கம்ப்யூட்டர் சமாச்சாரம் தெரிந்த ஒரே ஆள் என்ற முறையில் விளக்கினார். மெஷின் உத்தரவு, நம் கையில் இல்லை என்றார். எல்லம்மாளைத் தவிர அந்தத் தெருவில் புருஷனை இழந்தவர்கள் பதினான்கு பேர். இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று பேர் மெஹ்ஜபீனின் சென்டர் வாசலில் பழைய போட்டோவோடு வரிசையில் நின்றார்கள். டிகிரிக்குத் தகுதி இல்லாதவர்கள் மூன்று மாதத் தையல் படிப்பு, இரண்டு மாதக் கேக் படிப்பு என்று கிடைத்ததில் சேர்ந்தார்கள். பகலில் தெருவில் நெட் நின்றுவிட்டது. எந்த வீட்டில் பார்த்தாலும் நெற்றியில் பொட்டும் காதில் இயர்போனுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அப்பாசாமி கடையில் பௌர்ணமிக்கு என்று வாங்கி வைத்த குங்குமம் சஷ்டிக்கு முன்பே தீர்ந்தது.

பதினான்காவது ஆள் ஒரு நாள் மகனிடம் வந்து நின்றாள்.

"எனக்கும் ஒண்ணு பாருடா."

"நீ கைநாட்டும்மா!"

"காளான் வளக்கறதுக்கு ஒரு படிப்பு கீதாம். எழுத வேணாம், பார்த்தாப் போதுமாம். அந்தத் துலுக்க வூட்டுப் பொண்ணு தங்கமான பொண்ணு, அது சொல்லுச்சு."

காசியம்மாளிடம் பொட்டு வைத்த பழைய போட்டோ கல்யாணத்தன்று எடுத்தது ஒன்றுதான். அதையே கொடுத்தாள். அறுபது வருட வித்தியாசத்தை மெஷின் எப்படிப் பொறுத்துக்கொண்டது என்று அப்பாசாமி கேட்கவில்லை. பொட்டு இருந்தால் போதும் என்பது அவர் கட்சி.

நிச்சயதார்த்த நாள் வந்தது. காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள் முகூர்த்தம். அதே பத்து மணிக்கு எல்லம்மாளுக்கு முதல் இன்டர்னல் டெஸ்ட். வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் கூடத்தில் ஜன்னல் ஓரம். சம்பந்திக்காரர்கள் தட்டோடு உள்ளே வந்தபோது, பச்சைப் புடவையும் பூவும் பொட்டுமாக எல்லம்மாள் லேப்டாப்போடு அங்கே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காசியம்மாள் குங்குமம் துலங்க ஒரு பிளாஸ்டிக் கவரில் வைக்கோலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

புகழேந்தி கண்ணாடியைச் சரி செய்தார். "சம்பந்தி, உங்க தம்பி தவறிட்டாருன்னீங்க?"

"ஆமாங்க."

"அப்பா?"

"அவரும் தவறிட்டாருங்க."

அப்பாசாமி சமையல்கட்டைப் பார்த்தார். அம்மாவையும் எல்லம்மாளையும் சமையல்கட்டுக்குப் போகச் சொல்ல ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தார். எல்லம்மாள் திரையிலிருந்து தலையைத் தூக்கி அவரை நேராகப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"படிப்புக்குங்க" என்றது அப்பாசாமியின் வாய். "யூனிவர்சிட்டி ரூல். பொட்டு இல்லேன்னா மெஷின் உள்ள விடாதுங்க."

"எழுத்துல இருக்கா?"

எல்லம்மாள் டெஸ்டுக்கு நடுவே லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். புகழேந்தி குனிந்து, சரிபார்க்கப்பட்டது என்பதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். நிமிர்ந்தபோது முகத்தில் மரியாதை வந்திருந்தது.

"அப்ரூவ் ஆகியிருக்கே! முப்பத்தாறு வருச சர்வீஸ்ல சொல்றேன் சம்பந்தி, அப்ரூவ் ஆனதை மறுக்க யாருக்கும் பவர் கிடையாது. நீங்க எழுதும்மா."

பொட்டு வேண்டும் என்று ஒரு பெண் வாயால் கேட்டிருந்தால் அவர் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருப்பார். பச்சை டிக்குக்குத் தலை வணங்கிவிட்டு உட்கார்ந்தார்.

தட்டு மாற்றுகிற நேரத்தில் வாசலில் நின்ற வேனிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். புகழேந்தியின் தங்கை. வெறும் நெற்றி. நல்ல காரியம் நடக்கும் இடத்துக்குள் வரக்கூடாது என்று வேனிலேயே உட்கார வைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். செருப்பை விட்டுவிட்டு நேராகக் கூடத்துக்கு வந்து எல்லம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, இன்னும் சீட் இருக்கா?"

"டெஸ்ட் முடியட்டும்க்கா. நம்பர் தர்றேன்" என்றாள் எல்லம்மாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

கல்யாணம் ஐப்பசியில் நடந்தது. எல்லம்மாள் முதல் செமஸ்டர் ஐந்து பேப்பரும் பாஸ். காசியம்மாளின் காளானை வீட்டில் மூன்று முறை குழம்பு வைத்தார்கள். இன்றைக்கும் அப்பாசாமி கிரிவலம் வருகிறவர்களை நிறுத்தி, ஒரு மெஷினை எப்படிப் புரிந்துகொள்வது என்று விளக்கம் சொல்கிறார்.

எல்லம்மாளின் ஐடி கார்டு தபாலில் வந்தது. அப்பாசாமி அதற்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கவில்லை. மெஷின் ஒத்துக்கொண்ட நொடியில் எடுத்த படம் அது. கீழே பொடி எழுத்தில் அந்தத் திங்கட்கிழமையின் தேதியும் நேரமும் இருக்கின்றன: காலை 9.21. நெற்றியில் ஒன்றும் இல்லை.