ஆர்லீன் திட்டிய நாற்காலி

வென்டல் ஸ்டப்ஸ் அடுப்பில் சோளக்கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒரு கணவனும் மனைவியும் கதவைத் தட்டாமலே உள்ளே வந்து, கூடத்து நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

வசந்தம் வந்தால் ஜார்ஜியாவின் அந்தப் பக்கத்துக்குப் பழைய வீடு பார்க்க ஆட்கள் வருவது வழக்கம். இவர்கள் போக வேண்டியது அடுத்த வளைவிலிருந்த ஹாக்ஸ்லி மாளிகைக்கு. மரம் ஏற்றிப் போன லாரி இடித்ததில் வழிகாட்டிப் பலகை வென்டலின் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"இது எந்தக் காலத்து நாற்காலிங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

விஷயத்தைச் சொல்லி அனுப்பிவிடத்தான் வென்டல் வாயைத் திறந்தார். ஆனால் மனைவி ஆர்லீன் இறந்ததிலிருந்து அந்த வீட்டில் எதைப் பற்றியும் யாரும் கேட்டதில்லை.

"எங்க கல்யாணத்தப்ப வாங்கினது மேடம். என் பெண்டாட்டிக்கு இதச் சுத்தமாப் பிடிக்காது. கடைசி வரைக்கும் இதுலயே உக்காந்துதான் இதத் திட்டுவா."

கணவர் தலையாட்டிப் படம் எடுத்துக்கொண்டார். வென்டல் படுக்கையறையைத் திறந்து காட்டினார்.

"இந்தக் கட்டில்லதான் போனா. ஜன்னலப் பாத்துக்கிட்டே."

கணவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு மெதுவாக, "சார், இது ஹாக்ஸ்லி மாளிகைதானே?" என்றார்.

"இல்லைங்க. அது அடுத்த வளைவுல இருக்கு. இது என் வீடு."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சமையலறைய இன்னும் பாக்கலையே" என்றாள் அந்தப் பெண்.

மூவரும் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கையில் ஜெசமின் ஹாட்ச் வந்து நின்றாள். மாளிகையைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. அதற்காக உடுத்திய, கம்பி வளையம் வைத்த பழங்காலப் பாவாடை வாசற்படியில் சிக்கிக்கொண்டது.

"ஏன் வென்டல், காலையிலேருந்து ஒரு ஈ காக்கா வரல. என் ஆளுங்கள இங்க உக்கார வச்சுச் சோறு போடறீங்களா?"

"நீயும் உக்காரேன்."

"இதக் கட்டிக்கிட்டு எங்க உக்கார்றது?"

உள்ளறைக்குப் போய் அதைக் கழற்றிவிட்டு, அடியில் போட்டிருந்த ஜீன்ஸோடு திரும்பி வந்தாள். பாவாடை அங்கே தனியாக நின்றுகொண்டிருந்தது. கஞ்சியைப் பாதி குடித்துவிட்டு, "ஆர்லீன் எனக்கு பீச் பழ ஜாம் தரேன்னு சொல்லியிருந்தா. அதுக்குள்ள போயிட்டா" என்றாள்.

வென்டல் எழுந்து அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு ஜாடியை இறக்கினார். ஆர்லீன் போட்டதில் அது ஒன்றுதான் மிச்சம். இத்தனை நாளும் அவருக்குத் திறக்க மனம் வரவில்லை. இப்போது மூடி இறுகிப்போயிருந்தது. அந்தக் கணவர்தான் வாங்கித் திறந்து கொடுத்தார்.

ஜெசமின் ஒரு கரண்டி வாயில் போட்டுச் சுவைத்தாள்.

"இனிப்பு ஜாஸ்தி" என்றாள்.

"அவ எப்பவும் அப்படித்தான்" என்று சொல்லி, வென்டல் ரொட்டியை எடுத்துவைத்தார்.